மலையுச்சிக்கு மேலே எங்கே போவது? பழனி மலையிலும் நீலகிரியிலும் அருகிவரும் உயிரினங்களின் வாழிடத் திட்டமிடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலைச் சுற்றியுள்ள ஊராட்சிக் கூட்டங்களிலும், கல்லூரி மாணவர்களின் களப் பயணங்களிலும், மலையில் நிலம் வைத்திருப்போருடன் நடந்த பேச்சுகளிலும் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பழனி மலையே எங்கள் அன்றாடக் களம். ஆகவே எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இங்கிருந்தே வருகின்றன. நீலகிரியில் நடந்தவற்றிலிருந்து கற்க வேண்டியது நிறைய இருப்பதால் அங்கும் இடையிடையே போய்வருகிறோம்.

சரணாலயம், தேசியப் பூங்கா என்று அறிவித்தாயிற்றே. காலநிலை மாற்றத்துக்கென்று தனியாக இன்னொரு திட்டம் எதற்கு?

நீலகிரியிலுள்ள முக்குறுத்தி தேசியப் பூங்காவின் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர். இந்த எல்லைகள் அரசிதழில் வரையப்பட்டவை, அவை நகர்வதில்லை. ஆனால் ஓர் உயிரினத்துக்கு வேண்டிய குளிர், ஈரம், உறைபனி, மேகமூட்டம் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக இடம்பெயர்கின்றன. எல்லைக் கல்லுக்கு உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தும், காவல் நன்றாக நடந்தும், எந்த உயிரினத்துக்காக அந்த எல்லை போடப்பட்டதோ அது வாழ முடியாத இடமாகப் பூங்கா மாறிவிடக்கூடும். எனவே இருக்கும் எல்லைக்குள் எந்தப் பள்ளத்தாக்கு, எந்தச் சரிவு இன்னும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் குளிர்ச்சியாக இருக்கும், அங்கே போய்ச் சேர வழி இருக்கிறதா, போய்ச் சேர்ந்தால் தின்ன இரை இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை தேடுவதே இந்தத் திட்டமிடலின் வேலை. பழைய காவல் பணிக்கு மாற்றாக இதை யாரும் முன்வைக்கவில்லை. வேட்டையும் ஆக்கிரமிப்பும் தடுக்கப்படாத இடத்தில் காலநிலைத் திட்டம் பேசுவதில் பொருளில்லை.

வெப்பம் கூடினால் விலங்குகள் இன்னும் உயரமான இடத்துக்கு ஏறிக்கொள்ளாதா?

ஏறும், மலை இருக்கும் வரை. நூறு மீட்டர் மேலே போனால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அப்படியென்றால் சராசரி வெப்பம் 1 டிகிரி உயரும்போது, பழைய குளிரைத் தேடும் உயிரினம் 150 மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக மேலே போக வேண்டியிருக்கும். கொடைக்கானல் ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழனி மலையின் மிக உயர்ந்த முகடுகளே 2,550 மீட்டர் அளவில் முடிந்துவிடுகின்றன. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆக, ஏறிப்போக மிச்சமிருப்பது மூன்று டிகிரிக்குக்கூடப் போதாத உயரம். அதிலும் மலை மேலே போகப் போகக் குறுகுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. நூறு கிலோமீட்டர் சுற்றளவில் வாழ்ந்த ஓர் இனம் உச்சியில் ஒரு சில மேடுகளில் ஒடுங்க வேண்டிவரும்.

ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போய்விடலாம் என்றால் அதுவும் எளிதல்ல. நீலகிரிக்கும் பழனி, ஆனைமலைத் தொகுதிக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வெப்பமான தாழ்நிலம், குளிர்மலைப் பறவைக்குக் கடலைப் போன்றது. கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனிச் சிரிப்பான் என்று தனித்தனி இனங்கள் உருவானதே இதற்குச் சான்று. சோலைக்கிளி என்று பெயர் பெற்ற சிறு நீலப் பறவையிலும் இதே கதைதான்: வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம். (பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளியைத் தேடி வருபவர்கள் இன்னும் உண்டு. அது கிளியே அல்ல. சோலை எனப்படும் குளிர்மலைக் காட்டின் தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் பறவை.) பறவை ஆய்வாளர்கள் இம்மலைகளை வானத்துத் தீவுகள் என்று அழைப்பது உவமைக்காகச் சொன்னதல்ல, நிலையை அப்படியே சொன்னது.

எந்தெந்த உயிரினங்களை முதலில் கவனிப்பது?

பெரியது, அழகானது, படத்தில் எடுப்பாகத் தெரிவது என்று வரிசைப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. நாங்கள் வேறு விதமாகக் கேட்கிறோம். அந்த உயிரினம் குளிர்மலையை விட்டால் வேறெங்கும் வாழாததா? தானாக நகர்ந்து போகக்கூடியதா? அதன் இருப்பிடம் வெப்பத்தால் மட்டும் கெடுகிறதா, அல்லது நாம் ஏற்கெனவே கெடுத்துவிட்டதை வெப்பம் விரைவுபடுத்துகிறதா? முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று விடை வந்தால் அது பட்டியலின் மேலே போகும். வரையாடு, நீலகிரிச் சிரிப்பான், நீலகிரிச் சோலைக்கிளி ஆகியவை அருகிவரும் இனங்கள் என உலகச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றவை. மலைப்புல்வெளியை விட்டால் போக்கிடமில்லாத நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை, சோலை ஓடைகளின் தவளைகள் ஆகியவற்றையும் நாங்கள் அதே வரிசையில் வைக்கிறோம். மூன்றாவது கேள்விதான் எங்கே கை வைப்பது என்பதைச் சொல்கிறது. பெரும்பாலான இனங்களில் விடை இரண்டாவது வகையாகவே இருக்கிறது.

வரையாட்டின் நிலைமை உண்மையில் என்ன?

வரை என்றால் மலை, அதன் செங்குத்தான பாறைச் சரிவு. அந்தப் பாறையில் ஒண்டி, அதையொட்டிய புல்வெளியில் மேயும் நம் மாநில விலங்குக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. தமிழ்நாடும் கேரளமும் 2025 ஏப்ரலில் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் பதிவாயின. அவற்றுள் 1,303 தமிழ்நாட்டில். உலகில் வேறெங்கும் காட்டில் இவை இல்லை. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாய் மதிப்பில் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை இதற்கென்றே அறிவித்தது.

2018இல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு, 2030களிலிருந்து வரையாட்டுக்குப் பொருத்தமான வாழிடத்தில் 60 விழுக்காடு வரை இழக்கப்படலாம் என்று மதிப்பிட்டது. இந்த எண்ணை மேடைதோறும் கேட்கிறோம். ஆனால் அதைச் சொல்பவர்களில் பலர் அதை ஆருடம்போல் சொல்கிறார்கள். இத்தகைய மாதிரி, இப்போது விலங்கு இருக்கும் இடங்களின் வெப்பம், மழை, சரிவு ஆகியவற்றைப் படித்துக்கொண்டு, எதிர்காலத்தில் அதே நிலை எங்கே நிலவும் என்று தேடுகிறது. அங்கே புல் இருக்குமா, சீகை (வாட்டில் என்னும் அயல் மரம்) முளைத்திருக்குமா, செந்நாய் எத்தனை, சாலை எங்கே போகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே அந்த வரைபடத்தை இழப்புக் கணக்காகப் படிப்பதைவிட, எந்தத் துண்டு நிலம் எல்லாக் கணிப்பிலும் தாக்குப்பிடிக்கிறது என்று தேடுவதற்குப் பயன்படுத்துவது மேல். அப்படித் தாக்குப்பிடிக்கும் துண்டுகள்தாம் புகலிடங்கள். பணமும் ஆளும் முதலில் அங்கே போக வேண்டும்.

மலையில் வெறும் புல்லாகக் கிடக்கும் இடங்களில் மரம் நட்டால் விலங்குக்கும் நல்லது, காற்றிலுள்ள கரியும் (கார்பன்) குறையுமே?

எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். நல்லெண்ணத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். மலைக்கு மிகப் பெரிய கேட்டைச் செய்ததும் இந்த எண்ணம்தான்.

அந்தப் புல்வெளி காடு அழிந்து உண்டானதல்ல. நீலகிரியில் சாண்டிநல்லா பகுதியில் சதுப்புக்குள் அடுக்கடுக்காகப் படிந்து கறுத்துக் கிடக்கும் மட்கிய தாவரப் படிவை ஆய்வாளர்கள் தோண்டி எடுத்து, அதிலுள்ள கரியணுக்களின் வகையைக் கொண்டு எந்தக் காலத்தில் எந்தத் தாவரம் மிகுந்திருந்தது என்று கணக்கிட்டார்கள். 1993இல் வெளியான அந்த ஆய்வின்படி, கடந்த பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வறட்சியைத் தாங்கும் புல்வகைகள் இங்கே கோலோச்சின. பின்பு மழை கூடிய காலத்தில் ஈரம் விரும்பும் தாவரங்கள் பெருகின. பிறகு மீண்டும் மாறின. மனிதன் இங்கே கோடரியோடு வருவதற்கு வெகுகாலம் முன்பே புல்லும் சோலையும் காலநிலைக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்ந்து கொண்டிருந்தன என்பதே இதன் பொருள்.

புல்லைப் புல்லாக வைத்திருந்தது பெரும்பாலும் உறைபனி. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விடியற்காலையில் மன்னவனூர்ப் பக்கம் புல்வெளியில் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் உப்புத் தூவியதுபோல் பனி நிற்கும். பத்து அடி தள்ளிச் சோலைக்குள் கால் வைத்தால் சருகு வெறும் ஈரமாகவே இருக்கும். திறந்த வெளியில் விழுந்து முளைத்த சோலை மரக் கன்று அந்தப் பனியில் கருகிப்போகிறது. புல்லோ தரையோடு ஒட்டிய தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகவும், பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் கூழ் மரத்துக்காகவும் இந்தப் புல்வெளிகளில் சீகை, தைல மரம், பைன் ஆகியவை நடப்பட்டன. நட்டது பாதி, தானாகப் பரவியது மீதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்மலைப் புல்வெளிகளில் 1973க்கும் 2017க்கும் இடையே ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர், அதாவது 23 விழுக்காடு, அயல் மரங்களால் மூடப்பட்டுவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிடப்பட்டுள்ளது. பழனி மலையின் பங்கு இதில் மிகப் பெரியது.

இனி, கரி பற்றி. புல்வெளி தன் கரியை வேரிலும் மண்ணிலும் வைத்திருக்கிறது. தீ வந்து மேலே உள்ளதை எரித்தாலும் அது பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது. தைலத் தோப்பில் கரி நிற்பது எரியக்கூடிய மரத்தில். அதோடு சதுப்புப் புல்நிலம் மழையை உறிஞ்சி மெல்ல விடுகிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், மேல்மலையில் நீரைத் தாங்கும் நிலத்தைக் குழி தோண்டி மரம் நட்டுக் கெடுக்கலாமா என்ற கேள்வி அடிவாரத்து ஊர்களுக்கும் உரியது என்பது விளங்கும்.

உறைபனி குறைந்தால் உருளைக்கிழங்கும் கேரட்டும் பிழைக்குமே. அதில் என்ன குறை?

பயிருக்கு அது நன்மையே, மறுக்கவில்லை. பூம்பாறையிலும் கூக்காலிலும் பனியில் கருகிய பாத்தியைப் பார்த்து நிற்கும் விவசாயியிடம் பனியின் பெருமையைப் பேச எங்களுக்கும் வாய் வராது. ஆனால் அதே பனி இல்லாத இரவுகள் சீகைக் கன்றுக்கும் உயிர் கொடுக்கின்றன. காற்றில் கரியமில வாயு கூடுவதும் வெப்பநிலப் புல்லைவிட மரங்களுக்கே அதிகம் உதவுகிறது. உறைபனி குறைந்தால் புல்வெளிக்குள் சோலை மரங்களும் சீகையும் நுழையும், அதனால் வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கும் என்று நீலகிரியை ஆராய்ந்தவர்கள் 1995லேயே எழுதிவிட்டார்கள். ஆக, திட்டத்தில் பனியின் இடத்தை மனிதக் கை ஏற்க வேண்டியிருக்கிறது: முன்பு பனி கொன்ற கன்றை இனி நாம் பிடுங்க வேண்டும்.

அப்படியானால் சீகை, தைலம், பைன் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டி எறிந்துவிடலாமா?

கூடாது. இதில்தான் அவசரம் அதிகம், பிழையும் அதிகம். தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவர ஊடுருவலுக்கும் சூழல் மீட்டெடுப்புக்கும் தனிக் கொள்கை வெளியிட்ட பிறகு, வெட்டுவதே மீட்பு என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கும். வெயிலும் தீயும் பட்டால் விழித்துக்கொள்ளும். பெரிய மரத்தை வெட்டி நிழலை நீக்கிவிட்டு அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால், இருந்த ஒரு மரத்துக்குப் பதில் நெல் நாற்றங்கால்போல் நெருக்கமாகக் கன்றுகள் நிற்கும். வெட்டிய இடத்துக்கு ஐந்து, பத்து ஆண்டுகள் தொடர்ந்து ஆள் போக வழியில்லை என்றால் வெட்டாமல் இருப்பதே நல்லது என்று நான் வெளிப்படையாகச் சொல்வேன். ஒப்பந்தம் வெட்டுக்கு மட்டும் இருந்து, கன்று பிடுங்குவதற்கு இல்லாமல் போன இடங்களை வேண்டிய அளவு பார்த்தாயிற்று.

அடுத்து, பழைய தோப்பு எல்லாமே கெட்டதல்ல. பழனி மலையில் சோலையை ஒட்டிய முதிர்ந்த பைன், தைலத் தோப்புகளுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பறவை எச்சத்தில் வந்து விழுந்த காட்டு நாவல் போன்ற சோலை மரக் கன்றுகள் அந்த நிழலில் இடுப்பளவும் ஆளுயரமும் வளர்ந்து நிற்கின்றன. உறைபனியிலிருந்து அவற்றைக் காப்பது மேலே நிற்கும் அதே அயல் மரங்கள்தாம். அங்கே மரத்தை வெட்டிச் சாய்த்தால் சாகப்போவது முதலில் சோலைக் கன்று. அத்தகைய தோப்பு தானே சோலையாக மாறும்படி விட்டுவிடலாம். காலப்போக்கில் அது கருமந்திக்கும் சோலைப் பறவைக்கும் வாழிடமாகும்.

ஆகவே வரிசை இப்படி அமைகிறது. இன்னும் புல்லாகவே இருக்கும் இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்த கன்றுகளை முதலில் நீக்க வேண்டும். மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இதுவே. பிறகு புல்லின் விளிம்பில் இருக்கும் இளம் மரங்கள். பக்கத்தில் புல் இருப்பதால் அங்கே புல் தானே திரும்பி வரும். அடர்ந்து முதிர்ந்த தோப்பின் நடுப்பகுதி கடைசி, பல இடங்களில் தேவையே இல்லை. செங்குத்துச் சரிவில் மண் சரியும் வாய்ப்பு இருக்கும் இடத்தில் வேரோடு பிடுங்காமல் பட்டையைச் சுற்றிச் செதுக்கி நின்றபடியே பட்டுப்போக விடுவதும் உண்டு. ஒரு கை அகலக் கன்றை ஈரமண்ணில் பிடுங்குவது ஒரு நிமிட வேலை; அதையே ஐந்து ஆண்டு கழித்துச் செய்ய இரண்டு ஆளும் அரமும் வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும் வாரங்களை இதற்காகவே ஒதுக்கி வைப்பது நல்லது.

தவளைக்குக்கூடத் திட்டமா?

தவளைக்குத்தான் முதலில் வேண்டும் என்பது என் கருத்து. இம்மலைகளின் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரச் சருகிலோ இலையிலோ பாசியிலோ இடப்பட்ட முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சியும் முடிந்து, விரல் நகத்தைவிடச் சிறிய முழுத் தவளையாகவே வெளியே வருகிறது. குளம் வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் முட்டையைச் சுற்றியுள்ள சருகு சில நாள் காய்ந்துவிட்டால் அந்த ஈடு முழுதும் போயிற்று. பழனி மலைப் பக்கத்து ஓடைகளில், கண்ணில் நட்சத்திரக் கோலம் கொண்ட ஒரு மரத்தவளை உண்டு. அதன் நெருங்கிய உறவினம் நீலகிரியில் இருக்கிறது. இவற்றின் தலைப்பிரட்டைகளுக்குக் குளிர்ந்த ஓடும் நீர் வேண்டும்.

எந்தத் தவளையும் ஒரு பருவத்தில் அடுத்த சோலைக்கு நடந்து போய்விடாது. அதற்கான திட்டம் மலையளவில் இல்லை, முழ அளவில் இருக்கிறது: விழுந்து மக்கும் மரத்தை விறகுக்கு எடுக்காமல் விடுவது, ஓடையோரத்தில் நிழலை வெட்டாமல் இருப்பது, சோலையின் விளிம்பில் காற்று புகாதபடி புதரை விட்டுவைப்பது. பெரிய சோலையின் நடுவில் சருகுக்கு அடியில் உள்ள வெப்பநிலை வெளியிலிருப்பதைவிடப் பல டிகிரி குறைவாகவே இருக்கிறது. வெளியே வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி கூடும் காலத்தில் இந்த இடைவெளிதான் தவளைக்கு ஆயுள்.

வழித்தடம் என்றால் யானைக்கு மட்டும்தானா?

யானையால்தான் அந்தச் சொல் ஊருக்குத் தெரிய வந்தது. நீலகிரிக்கு வடக்கே சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. வறண்ட ஆண்டில் நீரும் தீவனமும் தேடி மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு இடையே நகரும் யானைக்கு அது உயிர்நாடி. மழை பொய்க்கும் ஆண்டுகள் கூடினால் அதன் தேவை கூடவே செய்யும்.

குளிர்மலை இனங்களுக்கோ கிடைமட்ட வழியைவிட மேல்கீழ் வழி முக்கியம். அடிவாரத்து வறண்ட காட்டிலிருந்து காப்பித் தோட்டம் வழியாகச் சோலை வரை ஓடையோரமாகத் தொடர்ச்சியாக மரநிழல் இருந்தால் பறவையும் அணிலும் வண்ணத்துப்பூச்சியும் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல மேலே நகர முடியும். தாண்டிக்குடி, பன்றிமலை, பண்ணைக்காடு வட்டாரங்களில் நாட்டு மரங்களின் நிழலில் காப்பி விளைவது இந்த வகையில் பழனி மலைக்குக் கிடைத்த பெரும் பேறு. அந்த நிழல் மரத்தை நீக்கிவிட்டுச் சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நட்டால் மரம் இருக்கும், வழி இருக்காது.

புல்வெளி இனத்துக்கு வழித்தடம் என்பது நேர்மாறு. வரையாடு அடர்ந்த சீகைத் தோப்புக்குள் நுழையத் தயங்குகிறது. இரண்டு பாறை முகடுகளுக்கு நடுவே ஒரு பட்டைப் புல்வெளியைத் திறந்து வைப்பதே அதற்கான வழித்தடம். மரம் நட்டு வழித்தடம் அமைப்போம் என்று யாராவது கிளம்பினால், யாருக்கான வழி என்று முதலில் கேளுங்கள்.

காட்டுத்தீக்குத் திட்டத்தில் என்ன இடம்?

பெரிய இடம். 2024 கோடையில் உதகையில் வெப்பநிலை 29 டிகிரியைத் தொட்டது. அதே கோடையில் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களை ஒட்டிய காடுகளில் தீ பல நாள் எரிந்தது. புல்வெளியில் எப்போதாவது வரும் தீ புல்லை அழிப்பதில்லை. தாங்கும் பட்டை கொண்ட காட்டுப் பூவரசும் (ரோடோடென்ட்ரான்) பிழைத்துக்கொள்கிறது. ஆனால் தைலமும் பைனும் சோலையோடு ஒட்டி நிற்கும் இடத்தில் அவற்றின் எண்ணெய்ச் சருகு தீயைச் சோலையின் உள்ளே கொண்டு சேர்க்கிறது. சோலை மரத்துக்குத் தீயைத் தாங்கத் தெரியாது. தீத்தடுப்புக் கோடுகளை வழக்கமான இடத்திலேயே ஆண்டுதோறும் வெட்டாமல், சோலைக்கும் அயல் தோப்புக்கும் இடைப்பட்ட விளிம்பில் போடுவது இந்தக் காலத்துக்கு ஏற்றது. எரிந்த சீகைக் காட்டுக்கு முதல் மழைக்குப் பின் ஆள் அனுப்பக் கட்டாயம் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். ஏன் என்பதை மேலே சொல்லிவிட்டோம்.

ஆபத்திலுள்ள இனத்தைப் பிடித்துக் குளிரான வேறு மலையில் விட்டுவிடலாமே?

முன்பு வாழ்ந்து மறைந்த இடத்தில் வரையாட்டை மீண்டும் கொண்டுவிடுவது மாநிலத் திட்டத்திலேயே உண்டு; அது நியாயமானது. என்றுமே வாழாத மலைக்குக் கொண்டு போவது வேறு. கணவாய்க்கு வடக்கே உள்ள பறவையைத் தெற்கே விட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கும் உறவினத்தோடு கலக்கும், போட்டியிடும், நோயும் கொண்டு போகலாம். இது கடைசிக் கருவி.

தோடர், பளியர் போன்ற பழங்குடிகளுக்கும் மலை விவசாயிகளுக்கும் இதில் என்ன இடம்?

நீலகிரியில் தோடர்கள் தங்கள் கோயிலை வேய்வதற்கென்று சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல்லையே பயன்படுத்துகிறார்கள். அந்தப் புல் எங்கே இன்னும் கிடைக்கிறது, எங்கே தேடிப் போக வேண்டியிருக்கிறது என்று அவர்களைக் கேட்டால் எந்தச் சதுப்பு வற்றிவிட்டது என்ற வரைபடம் கையில் வந்துவிடும். அவர்களின் எருமை மேய்ச்சலையும் புல்வெளி மேலாண்மையின் பகுதியாகவே பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தருகிறது. திட்டம் எழுதி முடித்த பிறகு கையெழுத்துக்காகச் சபையைக் கூட்டுவது அந்தச் சட்டத்தை மதிப்பதாகாது.

கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டுமாடு திரிவதைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. மேல்மலையில் அதற்கு வேண்டிய புல் மரத்துக்கு அடியில் போய்விட்டது. ஊரில் புல்தரையும் தோட்டமும் இருக்கிறது. புல்வெளி மீட்பை வரையாட்டின் பெயரில் சொன்னால் தலையசைத்துவிட்டுப் போகிறவர்கள், காட்டுமாட்டின் பெயரில் சொன்னால் நின்று கேட்கிறார்கள்.

என்னிடம் இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

முதலில் அது என்னவாக இருந்த நிலம் என்று பக்கத்து ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். புல்லாக இருந்தது என்றால் மரம் நடாதீர்கள். சீகைக் கன்றைப் பிடுங்கி, புல்லை வெட்டாமல் விடுங்கள். ஓடை ஓடினால் இருகரையிலும் சில மீட்டர் அகலத்தைத் தொடாமல் விடுங்கள். சோலையை ஒட்டியிருந்தால் அந்தச் சோலையிலேயே உள்ள மரங்களின் கன்றுகளை நிழலுள்ள பக்கத்தில் மட்டும் நடுங்கள். மரம் வெட்டும் முன், மலைப்பகுதி மரங்களைக் காக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்று விசாரித்து அனுமதி பெறுங்கள். அது சீகையானாலும் சரி. அழகுக்காக வாங்கி வைக்கும் அயல் பூச்செடிகளை வேலிக்கு வெளியே விடாதீர்கள். நீலகிரியில் மஞ்சள் பூவுக்காக வந்த முட்புதர்கள் புல்வெளிச் சரிவுகளை எப்படி மூடியிருக்கின்றன என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

சுற்றுலாவைக் கட்டுப்படுத்துவதும் இதில் சேர்த்தியா?

ஓரளவு. 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை நீதிமன்ற உத்தரவால் வந்தது. நெரிசலுக்கும் குப்பைக்கும் அது மருந்தாகலாம். புல்வெளிக்குள் புதிய பாதையும் தங்கும் விடுதியும் முளைப்பதை அது தடுப்பதில்லை. அதற்கு நிலப் பயன்பாட்டு வரைபடம்தான் வழி.

திட்டம் பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நட்ட கன்று எத்தனை, வெட்டிய ஏக்கர் எத்தனை என்று எண்ணுவதில் பயனில்லை. அது செலவுக் கணக்கு. முதுமலையில் 1988இல் 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்து அதிலுள்ள மரங்களைப் பல பத்தாண்டுகளாக மீண்டும் மீண்டும் அளந்து வருகிறார்கள். அந்தப் பொறுமையால்தான் வறட்சியும் தீயும் அந்தக் காட்டை என்ன செய்கின்றன என்று சொல்ல முடிகிறது. நம்மால் அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், ஒரு புல்வெளியில் ஒரே கல்லின் மேல் நின்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரே திசையில் படம் எடுக்கலாம். சோலைக்குள் சருகுக்கு அடியில் ஒன்று, வெளியே புல்லில் ஒன்று என்று இரண்டு வெப்பமானிகளை வைத்து உறைபனி இரவுகளை எண்ணலாம். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரே ஓடையோரம் ஒரே நேரத்தில் நின்று தவளைக் குரல்களைப் பதிவு செய்யலாம்.

இன்னொன்றும் உண்டு. குறிஞ்சி பழனி மலையில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் பூக்க வேண்டும். புல்வெளிச் சரிவில் வாழும் செடி அது, சீகையின் அடர்நிழலில் நிற்காது. 2018இல் எந்தெந்தச் சரிவில் நீலம் தெரிந்தது என்று ஒவ்வொரு ஊரிலும் நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், கைப்பேசியில் படமும் வைத்திருக்கிறார்கள். அந்த இடங்களை இப்போதே ஊர்வாரியாகக் குறித்து வைத்துக்கொண்டால், 2030இல் அதே சரிவுகளில் போய் நின்று எது மிஞ்சியது, எது மூடிப்போனது, எங்கே நாம் கன்று பிடுங்கியதால் மீண்டும் பூத்தது என்று பார்த்துவிடலாம். பட்டியல் தொடங்கியாயிற்று, உங்கள் ஊர்ச் சரிவின் பெயரும் ஆண்டும் படமும் இருந்தால் சேர்த்துக்கொள்வோம்.